பனி உண்டு

எங்கள் டாக்டரம்மா நோயாளியைப் பார்த்து "என்ன செய்யுது?" என்று முதலில் கேட்டதே இல்லை. "எத்தனை மைலு?" என்றுதான் கேட்பார். நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால், நாடி பிடிப்பதற்கு முன்னால், பெயர் கேட்பதற்கும் முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வயிற்று வலிக்கும் மைலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் பக்கம் திரும்புவார்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று குப்பியில் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறவன். "எம்புட்டு தூரம் நடந்து வந்தீங்கன்னு கேக்காங்க" என்று பொழிப்புரை சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

மலையாளச் சீமைத் தலைநகரத்தில், பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டி, சாலை என்கிற கடைத்தெருவுக்குள் நுழைகிற இடத்தில் இருந்தது எங்கள் சர்க்கார் மருந்தகம். நான் அங்கே கம்பவுண்டர். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சாலையில் ஓர் அரிசி மண்டியில் வேலைக்குச் சேர்ந்தவர். அதனால் எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், காகிதத்தில் இங்கிலீஷ். மூன்று பாஷையிலும் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். குள்ளமான உருவம். கையில் எப்போதும் ஆம்பிளைக் குடை ஒன்று. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். டாக்டரின் கையெழுத்து புரிகிறது என்று ஒரு கம்பவுண்டர் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

நோயாளிக்குக் கொடுக்கிற ஓ.பி. சீட்டில் பெயர், வயது, நோய், மருந்து என்றுதான் கட்டம் போட்டிருக்கும். மைலுக்குக் கட்டம் கிடையாது. டாக்டரம்மா ஓரத்தில் எழுதுவார். ஏழு, நாலரை, பன்னிரண்டு என்று. எண் பெரிதாக இருந்தால் அந்த ஆளை முதலில் கூப்பிடுவார். எப்போது வந்தாலும், எத்தனை பேருக்குப் பின்னால் நின்றாலும் தூரத்து ஆள்தான் முதலில்.

இதனால் வந்த சண்டை கொஞ்சமல்ல. சாலையில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், கட்டை விரல் வீக்கத்தோடு காலை எட்டு மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு வந்து சேர்ந்த ஒரு விறகு வெட்டி அவருக்கு முன்னால் உள்ளே போனான். கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் ஆருன்னு தெரியுமா? இந்த மருந்தகத்துக்குத் திரைச்சீலை கொடுத்ததே நான்தான்!"

டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்தார். "தெரியுமே முதலாளி. உங்க கடைக்கும் இங்கைக்கும் எத்தனை மைலு?"

"மைலா? ரெண்டு கடை தள்ளி."

"அப்பம் போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க. உங்க விரலு எங்கேயும் ஓடிராது. அவன் இருட்டுறதுக்கு முந்தி காடு போய்ச் சேரணும்."

முதலாளி காப்பி குடிக்கப் போனார். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. திட்டினது டாக்டரம்மா, கோபம் என்மேல். ஊர் வழக்கம் அப்படி.

எனக்கும் அவரோடு சண்டை உண்டு. மிக்ஸர் மருந்தை மூன்று நாளைக்கு மேல் ஒரே தடவையாகக் கொடுக்கக் கூடாது என்பது இலாகா விதி. குப்பியின் மேல் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவோம், ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ஒன்பது பல் என்றால் மூன்று நாள். டாக்டரம்மா பன்னிரண்டு மைல்காரர்களுக்கெல்லாம் இருபத்தேழு பல் வெட்டச் சொல்வார். அதற்கு உயரமான குப்பியும் கிடையாது, என் கத்தரிக்கோலுக்குப் பொறுமையும் கிடையாது.

"விதி இருக்கே டாக்டரம்மா" என்பேன்.

"விதி எழுதினவன் பஸ்ஸிலே வந்திருப்பான். மூணு நாளு மருந்து வாங்க ஒரு நாளு வரத்து, ஒரு நாளு போக்கு. மருந்து குடிக்கதுக்கு மிச்சம் ஒரு நாளு. இது வைத்தியமா, வண்டி ஓட்டமா?"

நான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

ஆனால் ஒரு தடவை நான்தான் ஜெயித்தேன். மூன்று வீடு தள்ளி இருந்த அக்ரகாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். உதிரப்போக்கு நிற்காமல் நாலு மாதமாய்க் கஷ்டப்பட்டிருக்கிறாள். சீட்டின் ஓரத்தில் சைபர் போட்ட டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு வீடு தள்ளி இருந்துக்கிட்டு நாலு மாசமா? பத்து மைலு நடந்து வாறவளெல்லாம் வாறா, உனக்கு என்ன வந்துது?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தெருக்கோடியில்தான் என் வீடும்; எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "டாக்டரம்மா, மாமியார் கோயிலுக்குப் போற நேரம் மட்டுந்தான் அந்தப் பொண்ணு வாசப்படி தாண்ட முடியும். அதுவும் இன்னைக்கு ஏதோ விசேஷம், திரும்பி வர நேரமாகும். அதான் வந்திருக்கா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து, சைபருக்கு முன்னால் ஒன்று போட்டுப் பத்தாக்கினார்.

"மாமியாருக்குப் பத்து மைலு. போதுமா கம்பவுண்டரே?"

"எங்க தெருவுக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான்" என்றேன். குனிந்திருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். மறுநாளிலிருந்து, மாமியார்கள் கோயிலுக்குப் போகிற உச்சிப்பொழுதில் மருந்தகத்தின் பின்பக்கச் சந்துக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அந்த ஒரு மணி நேரத்தில் அக்ரகாரத்து மருமகள்களில் பாதிப் பேரை நான் பார்த்துவிட்டேன்.

தப்பு தன்மேல் என்றால் இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்கிற டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதுவரை வெறும் பயம்.

"பாதி நோய் தூரந்தான் கம்பவுண்டரே. மீதிப் பாதிக்குத்தான் உங்க குப்பி" என்பார். அப்போது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்து வந்து பெருமையடித்தது. நானும் அடித்தேன். "கொள்ளாம், நல்லதுதான். ஆனா கட்டடத்துக்குக் கால் கிடையாது. டாக்டருக்கு உண்டு" என்றார் டாக்டரம்மா. வாரத்தில் ஒரு நாள் மருந்தகத்தை வண்டியில் ஏற்றி மலைப்பக்கம் கொண்டு போக வேண்டும் என்பது அவர் திட்டம். நாலு தடவை மேலதிகாரிக்கு எழுதினார். நாலு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: அந்தப் பகுதிகளிலிருந்து நோய் பற்றி எந்த அறிக்கையும் இல்லை, ஆகையால் அவசியம் எழவில்லை.

"ரிப்போர்ட் எழுத ஆளில்லாத ஊரிலே நோயே இல்லைன்னு ஆயிருமா?" என்று அந்தக் காகிதத்தை என் ஜன்னலில் போட்டார். "கடுதாசி வரல்லைன்னா மனுசன் சுகமா இருக்கான்னு அர்த்தமா? தபால் பெட்டி இல்லைன்னு அர்த்தமா?"

அந்தச் சமயத்தில்தான் பொன்முடியிலிருந்து ஒரு அறிக்கை வந்தது.

இலாகாவிலிருந்து இங்கிலீஷில் ஒரு தாள். பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் கடுமையான காய்ச்சல், கூலிகள் குடியிருக்கும் லயத்தை விட்டு ஒருவரும் வெளியே வரவில்லை, அம்மை குத்துகிறவரின் பயணம் ஒத்திவைக்கப்பட்டது, டாக்டர் உடனே போக வேண்டும். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. காய்ச்சல் என்ற கவலை பாதி, கடைசியில் கூப்பிட்டார்களே என்ற வேகம் பாதி. நான் பெரிய ஜாடி இரண்டு நிறையக் காய்ச்சலுக்கான கொயினா மிக்ஸர் கலக்கினேன். கசப்பு மூக்கு வரைக்கும் ஏறியது.

இலாகா வேனில் போனோம். முப்பத்தெட்டு மைல். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் காலையில் தின்ற புட்டும் கடலையும் தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்தன. மேலே போகப் போக ஒன்றும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. டிரைவர் தலையை வெளியே நீட்டி ரோட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

எஸ்டேட்டில் இறங்கினதும் கங்காணி ஓடி வந்தார். தென்காசிப் பக்கத்து ஆள். தலையில் கம்பளி, வாயில் வெற்றிலை.

"அய்யய்யோ, இந்த வாரம் வரவேண்டாம்னுல்லா லாரி டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பிச்சேன்! ஒங்க ஆபீஸ்ல வந்து சொல்லலியா அவன்?"

"சொன்னான், சொன்னான். காய்ச்சல் யாராருக்கு?" என்றார் டாக்டரம்மா, நடந்துகொண்டே.

"காச்சலா? ஆருக்கு?"

"லயத்திலே யாரும் வெளியே வரல்லைன்னு சொன்னீங்களே?"

"இந்தப் பனியில எப்படிம்மா வருவாக? எதிர்க்க நிக்கது மனுசனா மாடான்னு தெரியல. அதைத்தான் சொல்லி அனுப்பிச்சேன். பனி ரொம்ப மோசம், அம்மை குத்த இப்ப வரவேண்டாம்னு."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம்முடைய பனியை அவர்கள் மஞ்ஞு என்பார்கள். தமிழ் லாரி டிரைவர் பனி என்றிருக்கிறான். மலையாளி குமாஸ்தா பனி என்றே கேட்டு, அக்கறையாக அதை இங்கிலீஷில் காய்ச்சலாக்கி மேலே அனுப்பியிருக்கிறார். யார்மேல் குற்றம் சொல்ல? இரண்டு பேரும் அவரவர் தாய்மொழியில் சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பனிக்குக் கொயினா கொண்டு வந்திருக்கிறோமே!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "புலி வருதுங்கிற கதையாயிட்டுது கம்பவுண்டரே. இனி நான் எத்தனை தடவை எழுதினாலும் இதைச் சொல்லியே மூடிருவாங்க" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. என் சிரிப்பு நின்றுவிட்டது.

குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "வந்தது வந்தாச்சு. பெஞ்சை எடுத்துப் போடுங்க" என்றார்.

லயத்திலிருந்து கம்பளியும் சாக்குமாகப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவள் பேச்சி. முப்பது வயதுதான் இருக்கும், பார்க்க ஐம்பது. பழக்கம் விடுமா? "எத்தனை மைலு?" என்றார் டாக்டரம்மா.

பேச்சி முழித்தாள். "மைலா? நான் எங்கேயும் போவலியேம்மா. இங்கனக்குள்ளதான் கெடக்கேன். நீங்கல்லா வந்திருக்கிய."

டாக்டரம்மா சீட்டின் ஓரத்தில் ஒரு சைபர் போட்டார். அவ்வளவு அழகாக, வட்டமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

"அது சோம்பேறிக் கழுதைம்மா. பாதி ஏத்தத்துல உக்காந்துக்கும்" என்றார் கங்காணி.

டாக்டரம்மா பேச்சியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது. "கங்காணி, இங்கே வாங்க. பாருங்க இதை. இவ வயித்திலே கொக்கிப் புழு இருந்து ரத்தத்தைக் குடிக்குது. மண்ணிலேருந்து கால் வழியா ஏறுது. இவளை இப்படியே மலை ஏத்தினீங்கன்னா ஒரு நாளு உக்காந்த இடத்திலேருந்து எந்திரிக்க மாட்டா. சோம்பேறியாம்!"

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தன் இமையையும் இழுத்துக் காட்டினார். அதுவும் வெளுப்புத்தான். அன்றைக்கு லயத்தில் யார் இமையை இழுத்தாலும் அப்படித்தான் இருந்தது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து, அப்புறம் மாதக் கணக்கில் இரும்பு மிக்ஸர் குடிக்க வைத்தால் தேறிவிடுவார்கள். அதற்கு வாரா வாரம் யாராவது மலையேறி வர வேண்டும். இல்லையென்றால் பேச்சி அடுத்த மழைக்காலம் பார்ப்பது சந்தேகம் என்று வண்டியில் ஏறும்போது டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

மலை இறங்கும்போது நான் பையச் சொன்னேன். "நாலஞ்சு பேருக்குக் காய்ச்சல்னு எழுதிருங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"இல்லாத காய்ச்சலை எழுதினா, நாளைக்கு இருக்கிற காய்ச்சலை யாரு நம்புவா?" என்றார்.

காய்ச்சல் இல்லை, ரத்தசோகை உண்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். வழுக்கைத் தலை, எப்போதும் பாதி மூடின கண்.

"டாக்டர் மஞ்ஞினு கொயினா கொடுத்தோ?" என்று கேட்டுவிட்டுத் தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார். டாக்டரம்மா ரத்தசோகைக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மேஜைமேல் வைத்தார். அவர் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். சிக்கல் அவருக்கும் இருந்தது. பொன்முடியில் காய்ச்சல் என்று அவர் ஏற்கனவே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அது வெறும் மஞ்ஞு என்று இனி எந்த முகத்தோடு எழுதுவது? மறுநாள் உத்தரவு வந்தது, மலையாளத்தில். பொன்முடியில் பனி தீரும்வரை வாரம் ஒரு முறை டாக்டர் போகலாம். ஒவ்வொரு தடவையும் பாரம் ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். பாரத்தில் ஒரே கேள்விதான்: "பனியுண்டோ?" இல்லை என்று பதில் வருகிற அன்றோடு பயணம் நின்றுவிடும்.

"அப்பம் ஒரு வாரந்தான். அடுத்த வாரம் போய், இல்லைன்னு எழுதிட்டு வந்திர வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரம் போனபோது மலை பளிச்சென்று இருந்தது. மருந்து கொடுத்து முடித்த பிறகு பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைத் திறக்கவில்லை. பேச்சி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அதுல என்னம்மா போட்டிருக்கு?"

டாக்டரம்மா பாரத்தை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் படித்துச் சொன்னேன். "பனியுண்டோன்னு கேட்டிருக்கு."

"பனியா? பொம்முடியில பனி இல்லாம எங்க போகும்? மூணு மணிக்கு வரும், பொறுங்க" என்றாள் பேச்சி.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, குடை கீழே விழ, பக்கத்து லயத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வரும்படி சிரித்தார். அந்த மனுஷிக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எழுதிருங்க டாக்டரம்மா. தமிழிலே எழுதிருங்க!" என்றேன். தெற்குத் தாலுகாக்காரர்கள் தமிழில் எழுதிக் கொடுப்பதும் அந்த ஆபீஸில் செல்லும்.

"பொறுங்க. இப்பம் வெயிலுல்லா அடிக்குது? வந்த பிறகு எழுதுவோம்."

உட்கார்ந்திருந்தோம். எங்களோடு கங்காணியும் உட்கார்ந்தார். விஷயம் லயம் முழுக்கப் பரவி, வேலை முடிந்தவர்கள் எல்லாரும் வந்து மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மணி ஆயிற்று, வரவில்லை. மூன்றரை ஆயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். நாலு மணி சுமாருக்குப் பள்ளத்திலிருந்து ஒரு வெள்ளை விளிம்பு எட்டிப் பார்த்தது.

"அம்மா, பனி வருது! பனி வருது!" என்று கத்தினாள் பேச்சி.

தேயிலைச் செடிகளை மூடிக்கொண்டு அது ஏறி வந்து பெஞ்சைத் தொட்டபோது, டாக்டரம்மா பேனாவைத் திறந்து, முத்து முத்தாகத் தமிழில் எழுதினார்: பனி உண்டு.

"இதிலே பொய் உண்டா கம்பவுண்டரே?"

"ஒரு பொட்டு இல்ல" என்றேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் போனோம். வாரம் தவறினதில்லை. இரும்பு மிக்ஸர் பல்லைக் கறுப்பாக்குகிறது என்று பேச்சி குடிக்க மறுத்தபோது, காட்டு ஈற்றை மூங்கிலில் குழல் வெட்டி உறிஞ்சிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதை எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். பேச்சி தேறினாள். ஏற்றத்தில் உட்காராமல் ஏறினாள், கங்காணியைத் திரும்பித் திட்டுகிற அளவுக்கு மூச்சும் வந்தது. ஆபீஸில் பாரங்கள் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன. ஒருவரும் சாகாமல், கூடாமல் குறையாமல், வருஷக் கணக்கில் அடிக்கிற இந்தக் காய்ச்சலைப் பற்றி மேலதிகாரி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாதி மூடின அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஐம்பத்தாறில் நாகர்கோவில் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. டாக்டரம்மா ஊர்ப்பக்கமே போக எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியாகப் பொன்முடி போன அன்று பேச்சி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க ஊரு இங்கேருந்து எத்தனை மைலும்மா?"

அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. டாக்டரம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "எம்பது இருக்கும் பிள்ளே" என்றார்.

"எம்பதா! அப்பம் நீங்க எப்ப வந்தாலும் வரிசையில நிக்காண்டாம். மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவோம்."

டாக்டரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை. பட்டவர்த்தனமாக அழுதேன்.

அடுத்த வாரம் புது டாக்டரோடு போனேன். சின்ன வயசு, ஆலப்புழைக்காரர், நல்ல மாதிரி. சாயங்காலம் பாரத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "பனி எவிடெ? இவிடெ ஒராளுக்கும் பனியில்லல்லோ" என்று காய்ச்சலைத் தேடினார். இவரும் நேர்மையான ஆள் போலிருக்கிறது, போச்சு, என்று நினைத்தேன். பேச்சி போய் லயத்துக் கதவை அகலத் திறந்துவிட்டாள். மலைப்பனி வெள்ளையாக உள்ளே வந்தது. புது டாக்டர் அதைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். மெல்ல அவர் உதடு விரிந்தது.

"கம்பவுண்டரே, இது தமிழில் எழுதுந்நது எங்ஙனெயாணு?" என்றார்.

ஒரு ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் 'பனி உண்டு' என்று தமிழில் எழுதிக் காட்டினேன். அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.